இரண்டு புள்ளி கையில் இருந்தால் சாய்வு வந்துவிடும், கழித்தலில் மட்டும் கவனம்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பு, ஆயத்தொலை வடிவியல். சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், ஆனால் பத்துக் கணக்கில் ஆறு தப்பு. பார்த்தால் ஆறும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருந்தன: கழித்தல். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இலங்கையில் படிப்பவர்கள் சாய்வு என்று வரும் இடத்தில் படித்திறன் என்றும், ஆயத்தொலைவு என்று வரும் இடத்தில் ஆள்கூறு என்றும் வாசித்துக்கொள்ளுங்கள், விஷயம் ஒன்றுதான்.

முதலில் சூத்திரத்தை மறந்துவிட்டு ஊட்டி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது, அங்கே உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். 8 கிலோமீட்டர் தாண்டி கல்லார், சுமார் 405 மீட்டர். 28ஆவது கிலோமீட்டரில் குன்னூர், சுமார் 1,712 மீட்டர். தூரம் எக்ஸ், உயரம் ஒய் என்று வைத்தால் இவை மூன்றும் மூன்று புள்ளிகள்: (0, 330), (8, 405), (28, 1712). மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை 8 கிலோமீட்டருக்கு 75 மீட்டர் ஏறுகிறது, அதாவது கிலோமீட்டருக்கு ஒன்பது மீட்டர் சொச்சம். கல்லாரிலிருந்து குன்னூர் வரை 20 கிலோமீட்டருக்கு 1,307 மீட்டர், கிலோமீட்டருக்கு 65 மீட்டருக்கும் மேல். கல்லார் தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த பட்டை ஏன் வருகிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏன் ஏறுகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே பதில்.

நாம் இப்போது செய்ததுதான் சாய்வு. எவ்வளவு ஏறினோம் என்பதை எவ்வளவு நகர்ந்தோம் என்பதால் வகுத்தோம், அவ்வளவுதான். எழுதினால் இப்படி வரும்:

சாய்வு = (ஒய்2 − ஒய்1) ÷ (எக்ஸ்2 − எக்ஸ்1)

ஏற்றம் மேலே, நகர்வு கீழே. இதைத் தலைகீழாகப் போடுகிறவர்கள் நிறைய, ஏனென்றால் புள்ளியை எழுதும்போது எக்ஸ்தான் முதலில் வருகிறது, கையும் அதே பழக்கத்தில் எக்ஸை மேலே எழுதிவிடுகிறது. சந்தேகம் வந்தால் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள்: நமக்கு வேண்டியது கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறது என்பது. எக்செலில் இருக்கும் ஸ்லோப் ஃபங்ஷன்கூட முதலில் ஒய் எண்களைத்தான் கேட்கும், அப்புறம்தான் எக்ஸ்.

சரி, இப்போது அவள் தப்பு விட்ட கணக்கு. புள்ளிகள் (−3, 5), (2, −5).

எந்தப் புள்ளியை முதலாவது என்று வைப்பது? எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் வைத்தபின் மாற்றக்கூடாது. நான் (−3, 5) முதலாவது என்கிறேன். மேலே: −5 − 5 = −10. கீழே: 2 − (−3) = 2 + 3 = 5. சாய்வு −10 ÷ 5 = −2. புள்ளிகளை இடம் மாற்றிப் போட்டாலும் மேலே 5 − (−5) = 10, கீழே −3 − 2 = −5, விடை அதே −2.

அவள் என்ன செய்திருந்தாள் என்றால், கீழே 2 − 3 என்று எழுதி −1 கொண்டுவந்து, சாய்வு 10 என்று முடித்துவிட்டாள். −3க்குச் சொந்தமான மைனசும் சூத்திரத்தில் இருக்கும் மைனசும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாள், இரண்டும் வேறு வேறு. இதற்கு ஒரே மருந்து அடைப்புக்குறி. மைனஸ் எண் வந்தால் யோசிக்காமல் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அப்புறம் கழியுங்கள். இன்னொரு தப்பு, மேலே முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதைக் கழித்துவிட்டு கீழே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிப்பது. அப்படிச் செய்தால் எண் சரியாக 2 என்று வரும், குறி மட்டும் மாறிப் போகும், பார்க்கிறவருக்கும் சட்டென்று பிடிபடாது.

விடை சரியா என்று பார்க்க டீச்சர் வேண்டாம். சாய்வு −2 என்றால் வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் இரண்டு கட்டம் இறங்க வேண்டும். (−3, 5)இல் ஆரம்பியுங்கள்: (−2, 3), (−1, 1), (0, −1), (1, −3), (2, −5). இரண்டாவது புள்ளியில் போய் நின்றுவிட்டோமா? அப்படியானால் விடை சரி. போகிற வழியில் (0, −1) வந்தது பாருங்கள், ஒய் வெட்டுத்துண்டும், அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடமும், கணக்கே போடாமல் கிடைத்துவிட்டது. பத்து வினாடி வேலை இது, ஆனால் பரீட்சையில் யாரும் செய்வதில்லை.

விடை பின்னமாக வந்தால் பின்னமாகவே விடுங்கள். (−1, 2), (7, 8) என்றால் 6/8, சுருக்கினால் 3/4. நான்கு கட்டம் வலப்பக்கம், மூன்று கட்டம் மேலே என்று அது வழி சொல்கிறது. 0.75 என்று எழுதினாலும் தப்பில்லை, ஆனால் அந்த வழி கண்ணில் படாது.

படுத்திருக்கும் கோடு, நிற்கும் கோடு, இந்த இரண்டிலும் குழப்பம் வரும். (−4, 7), (6, 7) என்றால் ஏற்றமே இல்லை, 0 ÷ 10, சாய்வு 0. (3, 1), (3, 8) என்றால் 7 ÷ 0, பூச்சியத்தால் வகுக்க வழியே இல்லை, அதனால் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் 0 என்று எழுதினால் தரையும் சுவரும் ஒன்று என்று சொன்ன மாதிரி.

மூன்று புள்ளிகள் ஒரு கோடமைந்தவையா என்று கேட்டாலும் இதே வேலைதான், முதல் இரண்டுக்கு ஒரு முறை, அடுத்த இரண்டுக்கு ஒரு முறை. சாய்வு சமமாக வந்தால் ஒரே கோடு. நம் ரயிலில் 9ம் 65ம் வந்தன, ஆக அது ஒரே கோடு இல்லை. இரண்டு புள்ளிக்கு நடுவில் நிஜத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சாய்வு சொல்லாது: கல்லார், குன்னூர் இடையே சராசரி சுமார் 15க்கு 1 (15 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் ஏற்றம்), ஆனால் அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான இடம் 12.28க்கு 1.

அலகு விஷயம். 65 என்றது கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில். இரண்டையும் மீட்டராக்கினால் 1307 ÷ 20000, சுமார் 0.065, கோணமாகப் பார்த்தால் 4 டிகிரிகூட இல்லை. சாய்வு என்பது கோணத்தின் டேன் மதிப்புதான், ஆனால் 65ஐ அப்படியே டேன் தீட்டா என்று போட்டால் ரயில் கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக நிற்கும். (தண்டவாள தூரமும் கிடைமட்ட தூரமும் ஒன்றில்லையே என்று கேட்பவர்களுக்கு: நியாயம்தான், ஆனால் இந்த 20 கிலோமீட்டரில் வித்தியாசம் 43 மீட்டர் அளவுதான், கண்டுகொள்ள வேண்டாம்.) கிராஃப் தாளிலும் இதே ஏமாற்று உண்டு, எக்ஸுக்கு ஒரு அளவும் ஒய்க்கு வேறு அளவும் வைத்தால் 45 டிகிரியில் தெரியும் கோட்டின் சாய்வு 1 ஆக இருக்காது. கண்ணை நம்பாமல் எண்களைப் பாருங்கள்.

இதெல்லாம் எங்கே உதவும் என்று அவள் கேட்டாள், வாசலுக்குக் கூட்டிப்போனேன். பாட்டிக்குச் சக்கர நாற்காலி வந்த பிறகு ஒரு கொத்தனாரைப் பிடித்துச் சாய்தளம் போட்டிருந்தோம், ஆனால் தள்ளி ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. சக்கர நாற்காலிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 12க்கு 1, அதாவது ஊட்டி ரயிலின் மிகக் கடினமான ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட சமம், அதற்கு மேல் போகக்கூடாது. 24 அங்குல ரசமட்டத்தின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேல் ஊன்றி, கீழ்ப்பக்கத்து முனையைக் குமிழி நடுவில் வரும்வரை தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். தூக்கிய முனைக்கும் அதற்கு நேர் கீழே இருக்கும் சாய்தளத்துக்கும் நடுவில் ஸ்கேலை நிறுத்தினாள். 2 அங்குலம் இருந்திருக்க வேண்டும், 6 இருந்தது. "இருபத்துநாலுக்கு ஆறு, நாலுக்கு ஒண்ணு மாமா" என்றாள். படி ஒன்றரை அடி உயரம், 12க்கு 1 என்றால் 18 அடி நீளம் வேண்டும், அவர் போட்டது 6 அடி. அடுத்த வாரம் இடித்துவிட்டு, வாசலில் அவ்வளவு இடம் இல்லாததால் நடுவில் ஒரு திருப்பம் வைத்துப் போடப் போகிறோம்.