இரண்டு பிள்ளைகளோடு மதுரைக்கு: எந்தத் தள்ளுவண்டியை எடுத்து வருவது?

எங்கள் அம்மாச்சி வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாசலில் பழைய இரட்டைக் கதவு. ஒரு பக்கத்தைத்தான் திறப்பார்கள். மற்றதன் மேல்தாழ்ப்பாள் மேலே மேலே பெயின்ட் அடித்து இறுகிப்போய்ப் பல வருடம் ஆகிறது. மூன்று வயது மகளையும் கைக்குழந்தை மகனையும் கூட்டிக்கொண்டு மெல்பர்னிலிருந்து முதல்முறை வந்தபோது, எங்கள் இரட்டைத் தள்ளுவண்டி அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. வண்டியின் அகலம் 76 செ.மீ. திறந்திருந்த கதவின் அகலம் 58. வண்டியைத் திண்ணையில் ஏற்றி வைத்தோம். மூன்று வாரமும் பெரும்பாலும் அங்கேதான் இருந்தது.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. மெல்பர்னில் நடைபாதை முடியும் இடமெல்லாம் சரிவாக இறங்கும், கடை வாசல்கள் அகலம், தாழ்தள டிராமில் அப்படியே ஏற்றிவிடலாம். அங்கே நான் தனியாக இரண்டு பிள்ளைகளையும் வெளியே கூட்டிப் போக அந்த வண்டிதான் எனக்குக் கைகால். மதுரையில் தேவையே வேறு. படி, வாசற்படி, ஆட்டோ, மாடி என்று வண்டியை விரித்து மடித்து, விரித்து மடித்துத்தான் நாள் போகிறது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: காலையில் வீட்டை விட்டு இறங்கி இரவு திரும்பும்வரை 11 தடவை. அதனால் ஊருக்கு எடுத்துவரும் வண்டியைத் தள்ளிப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், மடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் இப்படிச் சோதியுங்கள். ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் வண்டியை மடியுங்கள். குனிந்து இரண்டு பக்கமும் கொக்கியை விடுவிக்க வேண்டுமென்றால், இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சட்டத்தை மடிக்க முடியுமென்றால், அந்த வண்டி ஊருக்கு ஒத்துவராது. மடித்ததும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். 13 கிலோ என்று பெட்டியில் படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. மூன்றாவது மாடிக்கு ஏறும்போது தெரியும்.

இரட்டை வண்டிகளில் மூன்று வகை உண்டு. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை பொதுவாக 75 முதல் 80 செ.மீ அகலம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருக்கை, இரண்டு பேருக்கும் வெளியே தெரியும், சண்டை குறையும். ஆனால் ஒன்று 14 கிலோ, மற்றது 8 கிலோ என்றால் வண்டி கனமான பக்கம் இழுத்துக்கொண்டே போகும். முன்னும் பின்னுமாக உட்காரும் வகை 60, 65 செ.மீக்குள் அடங்கும், ஆனால் நீளம். ஒரு மேட்டில் ஏற்ற வேண்டுமென்றால் கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முழுப் பாரமும் அப்போது உங்கள் மணிக்கட்டில் இறங்கும். மதுரைத் தெருவில் ஐம்பது அடிக்கு ஒரு மேடு வரும். மூன்றாவது வகையில் சின்னது உட்காரும், பெரியது பின்னால் நின்றுகொள்ளும். இரண்டரை வயது தாண்டிய பிள்ளை இருக்கிறவர்களுக்கு இது நல்ல யோசனை. ஆனால் இந்த வகை வண்டிகளிலும் பல, மடித்த பின்னும் பெரிதாகவே இருக்கும்.

இரண்டாவது முறை வந்தபோது நாங்கள் கொண்டுவந்தது ஒரு ஒற்றை வண்டி, அதன் பின்னால் மாட்டும் ஒரு நிற்கும் பலகை, அப்புறம் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் ஒரு பை. வண்டி 6 கிலோ சொச்சம், மடித்தால் ஒரு கைப்பெட்டி அளவு. பேபிசென் யோயோ மாதிரி விமானத்துக்குள் தலைக்கு மேல் வைக்கும் அளவில் மடியும் வண்டிகள் இப்போது பல நிறுவனங்களிடம் கிடைக்கின்றன. பலகை பொதுவாக 20 கிலோ வரை தாங்கும். உங்கள் வண்டியைச் செய்தவர்கள் பலகை மாட்ட அனுமதிக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய சட்டத்தில் மாட்டினால் வளைந்துவிடும்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒற்றை வண்டி போதுமா என்று என் கணவருக்கே சந்தேகம் இருந்தது. வந்து இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. ஊரில் கைகளுக்குப் பஞ்சமில்லை. சின்னவன் அம்மாச்சி இடுப்பில் இருப்பான், பெரியவள் மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போவாள். வண்டி பல நேரம் காலியாகப் பையைச் சுமந்துகொண்டு வரும். மதியத்துக்கு மேல் யாருக்குத் தூக்கம் வருகிறதோ அவருக்கு அது படுக்கை. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு எட்டாத மூலையில் மகன் இரண்டு மணி நேரம் அதில் தூங்கினான். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் என் சித்தி பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இரட்டைப் பிள்ளைகள் என்றால் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏறக்குறைய 6 மாதம் வரை குழந்தையால் தானாக உட்கார முடியாது, இருக்கை முழுதாகச் சாய்ந்து படுக்கை போல ஆக வேண்டும். முன்பின் வண்டிகள் பலவற்றில் ஒரு இருக்கைதான் அப்படிச் சாயும். உங்களுக்கு நான் சொல்வது, முழுதாகச் சாயும் இரண்டு ஒற்றை வண்டிகளும் இரண்டையும் பக்கத்தில் சேர்த்து மாட்டும் இணைப்புக் கொக்கிகளும். விமான நிலையத்தில் சேர்த்துத் தள்ளலாம், அம்மாச்சி வீட்டு வாசலில் பிரித்து ஒவ்வொன்றாக உள்ளே விடலாம். கொக்கி எல்லாச் சட்டத்திலும் பிடிக்காது, வாங்கும்முன் உங்கள் வண்டியில் மாட்டிப் பாருங்கள்.

இரட்டை வண்டி உண்மையாகவே தேவைப்படுவது வழியில். கொழும்பு, சிங்கப்பூர், துபாய் எதன் வழியாக வந்தாலும் இடையில் சில மணி நேரம் நீங்களும் பிள்ளைகளும் மட்டும்தான். டிக்கெட் எடுத்ததும் விமான நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வண்டியை விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு போகலாமா, இடையில் இறங்கும் ஊரில் அதை வாசலிலேயே தருவார்களா, கடைசி ஊரில் பெட்டிகளோடுதான் வருமா. இது நிறுவனத்துக்கு நிறுவனம், ஊருக்கு ஊர் மாறும். முதல் பயணத்தில் இடைநிலையத்தில் எங்கள் வண்டியை வாசலில் தரவில்லை. நள்ளிரவில் தூங்கும் இரண்டு பிள்ளைகளைத் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு அந்த நீளமான நிலையத்தைக் கடந்தோம். நெஞ்சுப் பை இருந்திருந்தால் ஒரு கையாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எந்த வண்டியை எடுத்தாலும் பையைக் கைப்பெட்டியில் வையுங்கள் என்கிறேன். பையில் பிள்ளையைக் கட்டும்போது தாடை நெஞ்சில் படாமல், முகம் உங்களுக்குத் தெரிகிற உயரத்தில் இருக்கட்டும்.

மதுரையில் இறங்கியதும் கார். இங்கே டாக்சியாக ஓடும் பல கார்களில் டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் இருக்கும், பாதி இடம் அதற்கே போய்விடும். இரட்டை வண்டியும் நான்கு பெரிய பெட்டிகளும் என்றால் பெரிய காராகச் சொல்லுங்கள், மேலே கேரியர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்கான கார் இருக்கையை டாக்சிக்காரர்கள் தரமாட்டார்கள், நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தால் பின் சீட்டில் பெல்ட் மாட்டும் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கிறதா என்று கிளம்பும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் பின் சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. இரண்டாவது பயணத்தில் சிம்மக்கல்லில் ஏறியபோது டிரைவர், "குடுங்கக்கா, பின்னாடி போட்டுரலாம்" என்று வண்டியை ஒரு கையால் வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைக்குக் கையை நீட்டினார். முதல் பயணத்தில் அதே இடத்தில் மூன்று ஆட்டோ பார்த்தோம், இரட்டை வண்டி எதற்குள்ளும் போகவில்லை.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்றடித்த டயர் குலுக்கலைத் தாங்கும், அது நிஜம். ஆனால் மொட்டையும் காதுகுத்தும் வைத்துக் குலசாமி கோயிலுக்குப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கமோ திருமங்கலத்துப் பக்கமோ காட்டுப் பாதையில் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டித் தருவார்கள்தான், ஆனால் அந்தக் கடைவரை வண்டியைத் தூக்க வேண்டும். காற்றில்லாத, நுரை நிரப்பிய சக்கரம் நல்லது. மழை பெய்த கரிசல் மண்ணில் எந்தச் சக்கரமும் உருளாது, பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் இருக்கும் தொல்லை வேறு. வீட்டு வாசலில் சாக்கடை மேல் போட்ட கற்களின் இடைவெளியில் சின்ன முன் சக்கரம் குறுக்கே திரும்பி மாட்டிக்கொள்ளும். அங்கே வண்டியைத் திருப்பிப் பின் சக்கரம் முன்னால் போகும்படி இழுங்கள். நிறைய வீடுகளில் படிக்கு நடுவே ஒரு சறுக்கு கட்டியிருப்பார்கள். பைக் ஏற்றுவதற்கான சறுக்கு அது, ஒரு டயர் அகலம்தான். நான்கு சக்கர வண்டிக்கு அதில் வழியில்லை.

துணிக்கடைக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. விளக்குத்தூண் பக்கம் வாங்கிய பைகளைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டே போவோம். பிள்ளையைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் சாயும். பலகை மேல் பெரியவள் நின்றிருந்தால் அவள் மேல் சாயும். பைகள் அடிக்கூடையில் போகட்டும், மிச்சம் தோளில்.

வெயிலுக்கு இரண்டு விஷயம். தூங்கும் பிள்ளைக்கு வெளிச்சம் படக்கூடாதென்று வண்டி மேல் துண்டைப் போர்த்தாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். மேற்கூரை நீளமாக இறங்கும், முதுகுப் பக்கம் வலைத்துணி வைத்த வண்டியாகப் பாருங்கள். காருக்குள் கிடந்த வண்டியில் பிள்ளையை உட்காரவைக்கும்முன் இரும்புக் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள். சித்திரையில் அது சுட்டுவிடும். கொசுவலை கட்டாயம். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். ஒற்றை வண்டிக்கான வலை எங்கும் கிடைக்கும், இரட்டை வண்டிக்கானதை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சரி, எங்கேதான் தள்ளலாம்? மீனாட்சி கோயிலைச் சுற்றி வாகனம் விடாத சித்திரை வீதிகளில் அந்தி நேரத்தில் நன்றாகத் தள்ளலாம். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தால் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். கோயிலுக்குள் வண்டியைக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். சோதனை வரிசை, உயரமான வாசற்படிகள், கூட்டம். ஒருவர் வெளியே வண்டியோடு இருக்க, மற்றவர்கள் போய்வந்து மாறிக்கொள்ளுங்கள். உள்ளே செல்போன் அனுமதி இல்லை என்பதால் எத்தனை மணிக்கு, எந்த வாசலில் என்று முன்பே பேசிவைக்க வேண்டும். நாங்கள் கிழக்கே அம்மன் சன்னதி வாசல் என்று வைத்துக்கொள்வோம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், வெளிப் பிரகாரத்துக் கல்லும் கொதிக்கும். பிள்ளைகளோடு காலையிலேயே போய்விடுவது நல்லது. திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் தள்ளலாம், அதற்குமேல் படி. 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் லிஃப்டும் உண்டு. வெயில் நேரத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எந்த வண்டியும் வேண்டாம். பிள்ளை நெஞ்சில் இருக்கட்டும், பெரியதை யாராவது தோளில் தூக்கிக்கொள்ளட்டும்.

கொண்டுவராமல் இங்கேயே வாங்கலாமா என்றால், ஒற்றை வண்டி தாராளமாகக் கிடைக்கும். லவ்லாப், ஆர் ஃபார் ராபிட் போன்ற இந்திய நிறுவனங்களின் வண்டிகளை ஆன்லைனில் சொல்லி, நீங்கள் வரும்முன் வீட்டுக்கு வரவைத்துவிடலாம். திரும்பும்போது சொந்தத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம். இரட்டை வண்டி கடைகளில் அரிது, அதை நம்பி வராதீர்கள். எப்படியானாலும் முதலில் ஊரில் இருக்கிற யாரையாவது டேப் எடுத்து மூன்று இடத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள்: வாசற்கதவு திறந்தால் விடும் இடம், படுக்கையறைக் கதவு, அடுக்குமாடி என்றால் லிஃப்ட் கதவு. சின்ன லிஃப்ட்களில் அது 70 செ.மீதான் இருக்கும்.

அளக்கப் போகிறவரிடமே தொட்டில் கொக்கியையும் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் சின்னவனுக்குச் சேலைத் தொட்டில்தான், அவன் எந்த வண்டியிலும் அப்படித் தூங்கியதில்லை. ஆனால் எங்கள் அம்மாச்சி வீட்டு உத்தரத்தில் இருந்தது என் அம்மா காலத்துக் கொக்கி. மாமா அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்துவிட்டு, துருப்பிடித்திருக்கிறது என்று புதிதாக ஒன்று அடித்த பிறகுதான் அம்மாச்சி சேலையை எடுத்தார்.