கிரிக்கெட் கையோடு கோல்ஃப் ஆட வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் கோல்ஃப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு முன் கிரிக்கெட் ஆடியவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஓடிவந்து எறிகிற பந்தையே அடித்தவனுக்கு, தரையில் சும்மா கிடக்கும் பந்தை அடிப்பது என்ன பெரிய வேலை என்று நினைப்பு. முதல் நாள் இருபது பந்தில் ஐந்தாறுதான் தரையை விட்டு எழும்பின. மூன்று தடவை பந்தைத் தொடவே இல்லை. பக்கத்தில் நின்ற கேடி (ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் உதவியாளர்) சிரிக்காமல் கேட்டார்: “பந்து எங்கயும் ஓடிடாது சார். எதுக்கு இவ்ளோ அவசரம்?”

கிரிக்கெட்டில் பந்து வந்து சேரும் அரை நொடியில் உடம்பே முடிவெடுத்துவிடும். கோல்ஃபில் பந்து நமக்காகக் காத்துக் கிடக்கிறது. கையும் மனசும் தப்புப் பண்ணுவதற்கு வேண்டிய நேரம் அங்கேதான் கிடைக்கிறது.

முதல் தவறு, பந்தைத் தூக்கிவிடப் பார்ப்பது. எனக்குத் தெரிந்து புதிதாக ஆடுகிறவர்களின் மோசமான அடிகளில் பெரும்பகுதி இதிலிருந்து வருகிறது. பந்து மேலே போகவேண்டும் என்பதால் கை அதைக் கரண்டியால் அள்ளுவது போல அள்ளப் போகிறது. எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது. கிளப் (பந்தை அடிக்கும் கோல்) பந்துக்குப் பின்னாலேயே தரையைத் தொட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் மேலே ஏறும் வழியில் அதன் விளிம்பு பந்தின் உச்சந்தலையில் பட்டு, பந்து எலி மாதிரி தரையோடு ஓடுகிறது. பந்தைத் தூக்கும் வேலை நம்முடையது அல்ல. நடுத்தரத் தூரத்துக்கான இரும்புக் கிளப்பான ஏழாம் எண் அயர்னின் முகம் முப்பது டிகிரி அளவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது, மணல் குழியிலிருந்து பந்தை எடுக்க உதவும் சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுதான் தூக்கும். அயர்னில் கிளப் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தில் பட வேண்டும். சரியாக அடித்தால் புல் பெயர்வது பந்து இருந்த இடத்துக்கு முன்னால்தான்.

இதில் பயிற்சி மைதானத்து ரப்பர் விரிப்பு நம்மை நன்றாக ஏமாற்றும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் விரிப்பில் சறுக்கிப் போய்ப் பந்தில் பட்டுவிடும். சத்தமும் நன்றாகத்தான் இருக்கும். அதே அடி புல்லில் மண்ணைக் கொத்திவிட்டு நின்றுவிடும். ஒரு துண்டை மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போட்டுக்கொண்டு அடித்துப் பாருங்கள். துண்டு நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதிகத் தூரம் அடிக்கப் பயன்படும் நீளமான கிளப்பான டிரைவர் மட்டும் விதிவிலக்கு. அதில் பந்து டீயின் (தரையில் குத்தும் சிறு குச்சியின்) மேல் உயரமாக இருப்பதால் முன்காலின் குதிகாலுக்கு நேரே வைத்து, கிளப் சற்று மேலேறும்போது அடிக்கலாம்.

பந்து தரையோடு ஓடினால் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே மருந்துதான் சொல்வார்கள்: “தலையைத் தூக்கிட்டீங்க.” இந்த அறிவுரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பெண்களுக்கான எல்பிஜிஏ தொழில்முறைச் சுற்றில் 72 பட்டங்களை வென்ற அன்னிகா சோரன்ஸ்டாம், கிளப் பந்தில் படுவதற்கு முன்பே முகத்தை இலக்கின் பக்கம் திருப்பிவிடுவார். தலையைப் பிடித்து வைத்தால் தோள் திரும்பாது, எடை முன்காலுக்கு வராது. நிமிர்ந்துவிடுவதுதான் சிக்கல். குனிந்த முதுகின் சாய்வு மாறாமல் இருந்தால் தலை திரும்புவதால் நஷ்டம் இல்லை.

அடுத்தது பிடி. கிரிக்கெட் மட்டையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்த பழக்கம் இங்கேயும் கூடவே வரும். வலக்கை ஆட்டக்காரர் கிளப்பை இடக்கையின் விரல்களுக்குக் குறுக்கே படுக்கவைக்க வேண்டும். குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு விரல் முட்டிகளாவது தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால், அடிக்கும் கணத்தில் கிளப்பின் முகம் திறந்து, பந்து வலப்பக்கம் வளைந்து போகும் வாய்ப்பு அதிகம். இதைத்தான் ஸ்லைஸ் என்கிறார்கள். தர்ட் மேன் பக்கம் தட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கிய அதே கைதான் இங்கே பந்தைக் காட்டுக்குள் அனுப்புகிறது.

ஸ்லைஸுக்கு நாமே செய்துகொள்ளும் வைத்தியம் இன்னும் மோசம். பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் பார்த்து நிற்போம். அப்போது கிளப் வெளியிலிருந்து உள்ளே இன்னும் குறுக்காக இழுக்கும், பந்து இன்னும் அதிகமாக வளையும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப்பின் முகம். அந்த முகத்துக்கும் வீச்சின் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவு. ஆகவே முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கால்களை இலக்கை நோக்கி வைக்காமல், இலக்குக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். தண்டவாளத்தின் ஒரு கம்பியில் பந்து, இன்னொன்றில் பாதங்கள்.

பலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு வேகத்தில் அடித்து, முடிவில் முன்காலில் நிலையாக நிற்க முடியவில்லை என்றால் அது உங்கள் வேகம் அல்ல.

எல்லோரும் டிரைவரைத்தான் பழகுகிறார்கள். கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், உருட்டும் அடியான புட்டைப் பழகுவோர் குறைவு. பார் என்பது நல்ல ஆட்டக்காரருக்குத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கை. பதினெட்டுக் குழிக்கு 72 பார் கொண்ட மைதானத்தின் கணக்கே ஒரு குழிக்கு இரண்டு புட் வீதம் 36 என்று வைத்துத்தான் போடப்படுகிறது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இடம் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் தூரத்திலிருந்து உருட்டும்போது நாம் கோணத்தைவிடத் தூரத்தில்தான் அதிகம் தவறுகிறோம். திசையை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதன் விளைவு அது.

இனி மனசு. 1999ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் போட்டியை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வரும்போது மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக அடித்து முன்னிலையில் இருந்தார். ஆறு அடியில் முடித்தாலே கோப்பை. டிரைவரை எடுத்தார், பந்து தப்பான பக்கம் போனாலும் தண்ணீரில் விழவில்லை. இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது. அங்கிருந்து ஓடையைத் தாண்டப் பார்த்தார், பந்து ஓடைக்குள் போனது. காலணியைக் கழற்றித் தண்ணீரில் இறங்கி நின்ற அவர் படம் உலகமெங்கும் பரவியது. ஏழு அடியில் முடித்து, கூடுதல் குழிகளில் பால் லாரியிடம் தோற்றார். டிரைவரை எடுத்ததற்காகத்தான் பலரும் அவரைத் திட்டுவார்கள். எனக்கு அந்த மூன்றாவது அடிதான் பாடம். கெட்ட அடியின் நஷ்டத்தை அடுத்த அடியிலேயே மீட்கப் பார்த்தார். மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் நாமும் அதைத்தான் செய்கிறோம். இரண்டு மரத்துக்கு இடையே ஒரு சந்து தெரியும், பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்க மனசு வராது.

“தண்ணியில விழக்கூடாது” என்று சொல்லிக்கொண்டு அடிப்பதும் தவறு. அப்போது மனசுக்குத் தெரிவது தண்ணீர் மட்டும்தான். பந்துக்குப் பின்னால் நின்று, எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள். அந்தக் கோட்டில் பந்துக்கு ஓரிரண்டு அடி தூரம் முன்னால் ஒரு இலையையோ புல் தழும்பையோ குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் கடைப்பிடித்த முறை இது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, உத்தியைப் பற்றிய ஒரே ஒரு நினைப்போடு அடியுங்கள். முதல்நாள் ராத்திரி பார்த்த ஐந்து வீடியோவும் ஒரே வீச்சுக்குள் அடங்காது. விதிப்புத்தகமும் ஒரு அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றுதான் பரிந்துரைக்கிறது.

நான்கு மணி நேரமும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நடப்பது கவனம் ஆகாது. அடிக்கு அடி நடக்கும்போது கதை பேசுங்கள், பறவை பாருங்கள். பந்தை நெருங்கும்போது மறுபடி உள்ளே வந்தால் போதும்.

இதைப் பயிற்சி மைதானத்திலேயே பழகலாம். ஒரே கிளப்பால் கூடைப் பந்துகள் முழுவதையும் மடமடவென்று அடித்துத் தீர்க்காமல், தெரிந்த ஒரு மைதானத்தை மனசில் வைத்து முதல் குழியிலிருந்து ஆடுங்கள். டிரைவர், பிறகு அயர்ன், பிறகு வெட்ஜ். ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் அடி. ரொம்ப மெதுவாகப் போகும். என் கூடை காலியாகும்போது நான் இன்னும் பதினைந்தாவது குழியில்தான் நிற்பேன்.