ரியாக்ட்காரர்கள் அகலக்கால் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரியாக்டில் (வெப் பக்கத்தின் முகப்பை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) வேலை செய்பவர்கள் சர்வர், டேட்டாபேஸ் பக்கமும் கால் வைக்கும்போது செய்யும் தவறுகள் இவை. கிட் (கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) பழகாதது, இங்கிலீஷுக்குப் பயப்படுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

இரண்டாவது ஃபிரேம்வொர்க்கையே வளர்ச்சி என்று நினைப்பது

ரியாக்ட் முடிந்ததும் அதே வேலைக்கான வ்யூ, அது முடிந்ததும் ஆங்குலர். மூன்றிலும் அதே டூ-டூ லிஸ்ட். இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. ஆங்குலரின் பழைய வடிவமான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு ஆதரவு 2021 டிசம்பரோடு நின்றது, வ்யூ 2-க்கு 2023 டிசம்பரோடு. அடியில் இருக்கும் ஹெச்டிடிபியும் (பிரவுசரும் சர்வரும் பேசும் முறை) எஸ்க்யூஎல்லும் (டேட்டாபேஸோடு பேசும் மொழி) எங்கும் போகவில்லை.

எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வெப் பக்கம் எழுதிப் பார்த்தால் போதும்: மீன் ஏலச் சீட்டு. படகு, மீன், எடை, விலை, வியாபாரி, கீழே 'சேமி' பொத்தான். வெறும் ஹெச்டிஎம்எல் ஃபார்ம், நோட் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டுவது) சர்வர், எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸ்). ஃபிரேம்வொர்க் கூடாது.

பாம்பன் கரையில் சிக்னல் தள்ளாடும் போனில் ஒருவர் சேமியை அழுத்துகிறார். சர்வரில் பதிவாகிவிட்டது. பதில் திரும்பும் வழியில் அறுந்துபோகிறது. திரையில் 'தோல்வி' என்று வர, மறுபடி அழுத்துகிறார். ஒரே கூடை நண்டு இரண்டு தடவை விற்றாகிவிட்டது. ஒரு முறை அழுத்தியதும் பொத்தானை டிசேபிள் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். பதில் வராவிட்டால் எப்போதாவது அதைத் திறந்துதானே ஆகவேண்டும்?

ஃபார்ம் திறக்கும்போதே பிரவுசரில் ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத ரேண்டம் அடையாள எண்) உருவாக்கி, பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜில் வையுங்கள். எத்தனை தடவை அழுத்தினாலும் அதையே அனுப்புங்கள். டேபிளில் அந்த ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இரண்டு முறை வரக் கூடாது), வரியைச் சேர்க்கும் இன்சர்ட்டில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' (ஐடி ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்யாதே). இரண்டாம் முறை வந்தாலும் சர்வர் 'வெற்றி' என்றே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் முறை அழுத்துவார். வெற்றி வந்த பிறகுதான் புது ஐடி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது ஐடி கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்கள் நிறைய. இன்னொரு பொறி: யூயூஐடி உருவாக்கித் தரும் பிரவுசரின் ரேண்டம்யூயூஐடி ஹெச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்ட்டிலும் மட்டும்தான் கிடைக்கும். லேப்டாப்பின் வைஃபை ஐபியைச் சாதா ஹெச்டிடிபியில் போனில் திறந்தால் அது இருக்காது.

விடிகாலை ஏலம் முந்தைய நாள் கணக்கில் விழுவதும் இதே பக்கத்தில் பிடிபடும். தேதியை எழுத்தாக மாற்றும் ஜாவாஸ்கிரிப்டின் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் தருவது யூடிசி (உலகப் பொது) நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அதன் முதல் 10 எழுத்தை வெட்டித் தேதியாக வைத்தால், காலை 5.30-க்கு முன் விற்றதெல்லாம் நேற்றையதாகிவிடும். மதியம் உட்கார்ந்து சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பணத்தைத் தசமத்தில் சேமிப்பது

பைசாவில், முழு எண்ணாகச் சேமியுங்கள். எடை கிராமில்.

பழைய பிஎச்பி என்றால் மூக்கைச் சுளிப்பது

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவர் பிஎச்பியில் ஓடும் தன் பழைய வேர்ட்பிரஸ் தளம் மெதுவாகிறது என்றால் ரியாக்டில் திரும்ப எழுதித் தருகிறேன் என்று கிளம்பாதீர்கள். முதலில் மெதுவான குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) கண்டுபிடித்து, அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெயின்' போட்டுப் பாருங்கள். முழு டேபிளையும் படிக்கிறது என்று காட்டினால், தேடும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் சேருங்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிப்பது

வேண்டாம்.

ரெஸ்யூமேயில் லோகோ அடுக்குவது

கற்ற கருவிகளின் பத்து லோகோவுக்குப் பதில் அந்த ஏலச் சீட்டின் லிங்கையும் ஒரே வரியையும் போடுங்கள்: 'இணைப்பு அறுந்தாலும் பதிவு இரட்டிக்காது.' நேர்முகத்தில் கேட்டால் ஓட்டியே காட்டலாம். சர்வரில் இன்சர்ட்டுக்குப் பிறகு, பதில் அனுப்பும் முன் 10 விநாடி தாமதம் வையுங்கள். சேமியை அழுத்தி, இரண்டு மூன்று விநாடியில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். டேபிளில் ஒரு வரிதான் இருக்கவேண்டும்.