மருத்துவ அறம் பேச உட்காரும்போது செய்யக்கூடாத தவறுகள்

மருத்துவ அறம் பற்றிக் கூடிப் பேசலாம் என்றாலே பயிற்சி மருத்துவமனைகளில் வென்டிலேட்டரை எப்போது நிறுத்துவது, மாற்று உறுப்பு யாருக்கு முதலில் என்று பெரிய கேள்விகளைத்தான் எடுக்கிறார்கள். முதல் தவறு இதுதான். அந்த மாதிரி முடிவு ஒரு பயிற்சி மருத்துவரின் கைக்கு எப்போதாவதுதான் வரும். ஆனால் தான் ஒருமுறைகூடப் பார்த்திராத ஆபரேஷனுக்கு, ராத்திரி 11 மணிக்கு, "போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்று அவரை அனுப்புவது சர்வ சாதாரணம். "உயிருக்கு ஏதும் ஆபத்து உண்டா டாக்டர்?" என்று நோயாளி கேட்கிறார். இவருக்குத் தெரியாது. "எல்லாரும் போடுற கையெழுத்துதாங்க" என்று சொல்லிப் பேனாவை நீட்டுகிறார்.

இதைப் பேசுங்கள். என்ன செய்யப்போகிறோம், என்ன சிக்கல் வரலாம், வேறு வழி உண்டா, வேண்டாம் என்றால் என்ன ஆகும், இந்த நாலையும் விளக்கத் தெரிந்தவர்தான் ஒப்புதல் கேட்கப் போக வேண்டும். தெரியாதவரை அனுப்பினால் தவறு அனுப்பியவருடையது.

அடுத்தது, பேராசிரியர் முதலில் பேசுவது. அவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் நடப்பது தலையாட்டல்தான், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும். கடைசியாகச் சேர்ந்த மாணவர் முதலில் பேசட்டும், துறைத் தலைவர் கடைசியில் பேசட்டும். நர்ஸ்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். விடியற்காலை மூணு மணிக்கு நோயாளி அழுதுகொண்டே என்ன சொன்னார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய கொடுமைகளை யாரோ கெட்டவர்கள் செய்ததாகச் சொல்லி முடித்துவிடுவதும் தவறுதான். அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகச் சிகிச்சை தராமல் வைத்திருந்தார்கள். பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் தரவில்லை. இது ரகசியமாக நடந்ததும் இல்லை, முடிவுகள் மருத்துவ இதழ்களில் வந்துகொண்டே இருந்தன, மருத்துவர்கள் படித்துக்கொண்டும் இருந்தார்கள். கடைசியில் வெளியே கொண்டுவந்த பீட்டர் பக்ஸ்டன் மருத்துவர் இல்லை, பால்வினை நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுதும் பொதுச் சுகாதாரத் துறை ஊழியர். 1966லேயே மேலிடத்துக்கு எழுதினார், யாரும் நிறுத்தவில்லை. மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: நம் வார்டில் இப்போது எதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு பதில், நோயாளியின் உடம்பே நமக்குப் பாடமாக இருப்பது. மண்ணீரல் நன்றாக வீங்கிய ஒருவர் வந்துவிட்டால் எட்டு மாணவர்களும் வரிசையாக வந்து அதே வயிற்றை அழுத்துவார்கள், ஸ்கிரீன் பாதி திறந்தே கிடக்கும், நாலாவது ஆள் வரும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார். ஒவ்வொருவரும் பெயர் சொல்லி, மாணவர் என்றும் சொல்லி, கேட்டுவிட்டுத் தொட வேண்டும். அவர் போதும் என்றால் போதும். ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்த பெண்ணை, அவரிடம் முன்பே கேட்காமல் மாணவர்கள் பிறப்புறுப்பு வழியாக உள்பரிசோதனை செய்து பழகுவது பல நாடுகளில் நெடுங்காலம் நடந்தது. சில இடங்களில் சட்டம் போட்டுத்தான் தடுக்க வேண்டியிருந்தது.

சின்னத் தவறுகளும் உண்டு. கேஸ் சொல்லும்போது பெயரை மறைத்துவிட்டுப் படுக்கை எண்ணையும் வேலையையும் ஊரையும் சொல்வது, லிஃப்டில் பேசுவது, ரத்தம் சொட்டும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. சட்டப்படி சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோவதும் இதில் சேரும்.

இன்னொன்று விட்டுப்போகிறது. ஒரு மணி நேரம் அருமையாகப் பேசுவோம், யாருக்காகப் பேசினோமோ அந்த நோயாளிக்கு ஒரு வார்த்தை போய்ச் சேராது. கூட்டம் கலைவதற்கு முன்பே, வார்டுக்குப் போய் அவரிடம் சொல்லப்போவது யார், எத்தனை மணிக்கு என்று பெயர் சொல்லி முடிவு பண்ணுங்கள்.