கடல் தாண்டியிருக்கிற வயலுக்கு வடசென்னையிலிருந்து உதவுவது எப்படி

காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இருந்துகொண்டு இலங்கையிலோ பர்மாவிலோ இருக்கிற விவசாயிக்கு நாம் என்ன கிழிக்கப் போகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய செய்யலாம். ஆனால் பழைய துணியை மூட்டை கட்டி அனுப்புவது அதில் சேராது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணி என்ன ஆனது என்று நம் ஏரியாவில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. அன்றைக்கு நமக்குத் தேவைப்பட்டதை யாரும் கேட்கவில்லை, அவர்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். அதே வேலையை நாம் இன்னொரு ஊருக்குச் செய்யக்கூடாது.

விவசாயிக்கு உதவி விதைப்புக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். டிவியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வசூலுக்குக் கிளம்பினால், பணம் போய்ச் சேரும்போது விதைக்கிற நாள் தாண்டியிருக்கும். அதனால் எதைத் தொடங்குவதற்கு முன்னாலும் அந்த ஊர்ப் பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையின் வடக்கு, கிழக்கில் பெரும்போகம் அக்டோபர் வாக்கில் மழையோடு தொடங்கி பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும்; சிறுபோகம் ஏப்ரல், மே மாதத்தில் குளத்துத் தண்ணீரை நம்பி. பெரும்போகத்துக்கு உதவ வேண்டும் என்றால் ஆகஸ்டுக்குள் பணம் அங்கே இருக்க வேண்டும், அப்படியானால் நம் வேலை கோடை விடுமுறையிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

எந்த ஊருக்கு

ஒரு நாடு முழுக்க வேண்டாம், ஒரு ஊர் போதும். முடிந்தால் ஒரே ஒரு விவசாயிகள் அமைப்பு. 2024இல் உலகத்தில் சுமார் 67 கோடிப் பேர் பட்டினியில் இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்குச் சொல்கின்றன. அந்த எண்ணைப் பார்த்தால் மலைப்புதான் வரும், ஒரு ஊரைப் பார்த்தால் வேலை வரும்.

நான் இலங்கையைத்தான் சொல்வேன். காரணம் பாசம் மட்டும் கிடையாது, மொழி. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இருக்கிற விவசாயியோடு நேராகப் பேசலாம், நடுவில் ஆள் வேண்டாம். புழல் காவாங்கரை இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிற பல குடும்பங்களுக்கு வடக்கில் சொந்தபந்தம் இருக்கிறது. எந்தக் குளம் உடைந்தது, எந்தச் சங்கம் ஒழுங்காக நடக்கிறது என்று அவர்கள் மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முகாமுக்குள் போய்க் கூட்டம் போட அனுமதி வேண்டும், அதனால் வெளியே டீக்கடையில் சந்தியுங்கள். அவர்களை உதவி வாங்குகிறவர்களாகப் பார்க்காமல் வழி சொல்கிறவர்களாகப் பாருங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் வேலை செய்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஊர் திரும்பியவர்களுக்காக அங்கேயும் வேலை செய்கிறது. அவர்களிடமும் கேட்கலாம்.

பர்மாவோடு நமக்கு இருக்கிற கணக்கு வேறு. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அது போக, இந்தியா இறக்குமதி செய்கிற உளுந்தில் பெரும் பகுதி பர்மா உளுந்து, சென்னைத் துறைமுகம் வழியாக வருவது. காலையில் நாம் பிய்த்துத் தின்கிற இட்லியில் ஒரு பர்மா விவசாயியின் உழைப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கே பணம் அனுப்புவதும் அது யார் கைக்குப் போனது என்று பார்ப்பதும் பெரும் பாடு. சொந்தக்காரர் அங்கே இல்லாதவர்கள் தனியாக முயல வேண்டாம், உலக உணவுத் திட்டம் மாதிரி பெரிய அமைப்பு வழியாகக் கொடுங்கள். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அதே பதில்தான்.

முதலில் பொன்னேரிக்குப் போங்கள்

நம்மில் பாதிப் பேர் நெல் நாற்றைக் கையில் பிடித்ததில்லை. இது தப்பில்லை, ஆனால் இப்படியே போய் யாழ்ப்பாணத்து விவசாயிக்குப் பருவநிலை மாற்றம் பற்றி வகுப்பெடுத்தால் சிரிப்பார்கள். திருவொற்றியூரிலோ கொருக்குப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி. அந்தப் பக்கம் அறுபதுகளின் கடைசியிலிருந்தே கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது, நகரத்துக்காக இறைத்த தண்ணீருக்கு அதில் பெரிய பங்கு. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, சுண்ணாம்புப் பாறைக்குள் நிற்கிற கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாமே. அதிகமாக இறைத்தால் அங்கேயும் உப்பு ஏறுகிறது. அதாவது அந்தப் பாடத்தை அரை மணி, முக்கால் மணி ரயிலில் படிக்கலாம்.

போகும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கேன் போடுகிறவர்கள் பேனா மாதிரி வைத்திருப்பார்களே, அது. பம்புசெட் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, மீட்டரை விட்டு, எண் நிற்கிறவரை காத்திருந்து எழுதுங்கள். பாசனத்துக்கு 450க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 2000 தாண்டினால் பெரும்பாலான பயிர் திணறும். நடுவில் இருந்தால் பயிரையும் மண்ணையும் பொறுத்தது. அப்புறம் வரப்போரம் காய்ந்த மண்ணைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் உவர், அதாவது உப்பு ஏறிய மண். உவர் மண்ணும் களர் மண்ணும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஜிப்சம் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஜாக்கிரதை. ஜிப்சம் கேட்பது சோடியம் ஏறி இறுகிப்போன களர் நிலம். உவர் நிலத்தில் நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிகால் வழியாக வெளியேற்ற வேண்டும், வடிகால் இல்லாவிட்டால் எதைக் கொட்டினாலும் வீண். இரண்டு நிலத்திலுமே தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப் பயிர் தாங்கி வளரும்: ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாள் வாக்கில் பூ எடுக்கும்போது மடக்கி உழுகிறார்கள்.

இதையெல்லாம் அந்த விவசாயி வாயாலேயே சொல்ல வைத்து, அனுமதி கேட்டுவிட்டு போனில் எடுங்கள். நாலு நிமிஷம் போதும். பின்னணி இசை வேண்டாம், உங்கள் முகமும் வேண்டாம். உப்போடு மல்லுக்கட்டுகிற ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிற நாலு வார்த்தைக்கு இருக்கிற மரியாதை நம் பேச்சுக்குக் கிடைக்காது. கடல் கடந்த விவசாய அறிவு நமக்கும் வந்திருக்கிறது: நம் ஆட்கள் திருந்திய நெல் சாகுபடி என்று செய்கிற ஒற்றை நாற்று நடவு 1980களில் மடகாஸ்கரில் உருவான முறை, 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒவ்வொன்றாக நடுவது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டோம், இப்போது நம்மிடம் இருப்பதைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நம்மாழ்வார் பேச்சைக் கேட்டு வளர்ந்த தம்பிகள் நம் குழுக்களில் நிறைய இருப்பார்கள், நல்ல விஷயம். ஆனால் இலங்கைக்காரரிடம் போய் ரசாயன உரத்தை இன்றே விடுங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். 2021இல் அங்கே அரசே ஒரே உத்தரவில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டு, விளைச்சல் விழுந்து, அந்த வருஷம் முடிவதற்குள் பின்வாங்கியது. அடிபட்டவரிடம் இயற்கை விவசாயம் பேச வேண்டுமென்றால் முதலில் காது கொடுக்க வேண்டும். இயற்கை உரத்துக்கு மாறுவது மெதுவாக, ஒரு மூலையில், அவர் இஷ்டத்துக்கு நடக்கட்டும்.

பணம்

சீட்டு போட்டுப் பழகிய ஊர் இது, பணம் சேர்ப்பது நமக்குப் பெரிய வேலை இல்லை. கனடாவில் 1983லிருந்து ஒரு வழக்கம் உண்டு: ஒரு ஊர்க்காரர்கள் சேர்ந்து கொஞ்சம் நிலத்தை ஒதுக்கி, பயிர் செய்து, விற்ற காசை உலகத்துப் பட்டினிக்காகக் கொடுக்கிறார்கள். நமக்கு நிலம் ஏது? மொட்டை மாடியில் கீரை போடலாம், அரைக்கீரையும் சிறுகீரையும் மூன்று, நாலு வாரத்தில் பிடுங்கிவிடலாம், தெருவிலேயே விற்றுப்போகும். பெரிய தொகை வராது, ஆனால் வெயிலில் ஒரு பாத்தி கருகுவதைப் பார்த்த பிள்ளைக்கு வறட்சி என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டாம். தொகை வேண்டும் என்றால் கேரம் போட்டி வையுங்கள். உலகக் கோப்பை வென்ற காசிமாவின் புதுவண்ணாரப்பேட்டையில் கேரம் என்றால் கூட்டம் தானாக வரும். வியாசர்பாடி என்றால் ஃபுட்பால். நுழைவுக் கட்டணம், இட்லிக் கடை, பழைய பேப்பர், எது வேண்டுமானாலும் சரி. குலுக்கல் சீட்டு மட்டும் வேண்டாம், 2003லிருந்து தமிழ்நாட்டில் லாட்டரி தடை, பரிசுக் குலுக்கல் என்று பேர் மாற்றினாலும் வம்புதான்.

சேர்ப்பதைவிட அனுப்புவதில்தான் குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. எல்லாரும் ஒருத்தருடைய ஜிபேவுக்குப் போடுங்கள் என்று சொல்லிவிடுவோம், சுலபம். சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவருக்கு வந்தால் வருமான வரிக்காரர்கள் அதை அவருடைய வருமானமாகப் பார்க்கலாம். நல்லது செய்யப்போன பையன் நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பான். பதிவு செய்த அறக்கட்டளை வழியாகச் செய்யலாமே என்றால், இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் தொகைக்குப் பொதுவாக வரிவிலக்கு கிடைக்காது, முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு அமைப்புக்கு நேராகக் கொடுக்கிற நன்கொடைக்கு நமக்கும் வரிச்சலுகை கிடையாது, அந்த ஆசையில் இறங்க வேண்டாம்.

தனி ஆள் தன் சொந்தப் பணத்தை அனுப்ப வழி திறந்தே இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். வங்கியில் பான் எண்ணும் ஏ2 படிவமும் கேட்பார்கள். நம் தொகைக்கு அந்த வரம்பு கடல் மாதிரி. ஆனால் இந்த வழி தனி நபருக்கு மட்டும், சங்கத்துக்குக் கிடையாது. ஆகவே கொடுக்கிற ஒவ்வொருவரும் தன் கணக்கிலிருந்து நேராக அந்த அமைப்புக்கே அனுப்புவதுதான் சுத்தம். வங்கிக் கட்டணம் ஒவ்வொரு தடவையும் பிடிப்பதால், மாதாமாதம் ஐந்நூறு என்று அனுப்பாமல் தன் வீட்டு உண்டியலில் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டியில் வந்த பொதுப் பணத்தை என்ன செய்வது? அதற்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், பணம் கைக்கு வருவதற்கு முன்னால். இன்னொரு உண்டியல் இருக்கிறது, ஹவாலா, இங்கே கொடுத்தால் அங்கே கைக்குப் போகும் என்பார்களே. குறைந்த செலவு, வேகம், எல்லாம் உண்மைதான். சட்டவிரோதம் என்பதும் உண்மை.

வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பணம் எங்கே போனது என்று தெருமுனையில் ஒரு போர்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் மேலே போய்விடும், போர்டு அங்கேயே நிற்கும், போகிற வருகிற பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கணக்குப் பார்ப்பார். அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் அடுத்த வருஷமும் வசூல் நடக்கும்.

அந்தப் பக்கம் யாரிடம்

இலங்கையில் ஊர்தோறும் கமக்காரர் அமைப்புகள், அதாவது விவசாயிகள் அமைப்புகள் இருக்கின்றன, கமநல சேவை நிலையம் என்கிற அரசு விவசாய அலுவலகத்தில் பதிவானவை. தொண்டு நிறுவனம் எதுவாக இருந்தாலும், எந்தக் கமக்காரர் அமைப்போடு வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள், அந்த அமைப்பின் தலைவரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். போன வருஷம் எந்த வேலை சரியாக வரவில்லை என்றும் கேளுங்கள். எல்லாமே அமோகம் என்று பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

என்ன வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். குளத்து வாய்க்கால் தூர்வாரக் கூலி கேட்பார்கள், உப்பைத் தாங்கும் நெல் விதை கேட்பார்கள், சில இடத்தில் காற்றுப் புகாத சேமிப்புப் பை கேட்பார்கள். அந்தப் பையை நான் அருமையான செலவு என்பேன்: உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே சாக்கு, வாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து வண்டு செத்துவிடும், மருந்தே வேண்டாம். அறுவடையன்று அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு நாலு மாதம் கழித்து அதே தானியத்தை அதிக விலைக்கு வாங்கித் தின்கிற கொடுமை அதனால் பாதி குறையும்.

அரிசி அனுப்பலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். 2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலில் அரிசி அனுப்பியது தமிழக அரசு. அது அரசாங்கம் செய்கிற வேலை. விதையைப் பார்சலில் போட்டுவிடுவது அதைவிட மோசம், நோய் இல்லை என்ற அரசுச் சான்று இல்லாமல் செடி, விதை எதுவும் எல்லை தாண்டக் கூடாது. மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழு 2018இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்து என்ன பாடு படுத்தியது என்று அங்கே கேட்டுப் பாருங்கள். விதை அந்த ஊரிலேயே வாங்கட்டும், காசு அந்த ஊர்க்கடைக்கே போகட்டும்.

அப்புறம், யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேரடி விமானம் இருக்கிறதே, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு குரல் எழும். சுற்றிப் பார்க்க உங்கள் சொந்தக் காசில் தாராளமாகப் போங்கள். குழுப் பணத்தில் முதல் வருஷம் டிக்கெட் போட வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை நடத்தவும் கூடாது.

பணம் தர முடியாதவர்களுக்கும் வேலை நிறைய. பயிர்க் குறிப்புகள், வானிலைக் கையேடுகள் ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் தமிழில் மாற்றி, ஒருவர் வாசித்து ஆடியோவாக அனுப்பினால் வயலில் நின்றே கேட்பார்கள். ஐ.நா. தன்னார்வலர் தளத்தில் 18 வயது ஆனவர்கள் இணையம் வழியாகவே இந்த மாதிரி வேலைக்குப் பதிவு செய்யலாம், காசு கட்ட வேண்டாம். ஆடியோவை வெளியே விடுவதற்கு முன்னால் அங்கே ஒருவரிடம் கேட்கக் கொடுங்கள். நாம் உரம் என்றால் அவர்கள் பசளை என்பார்கள், பெயர் மாறினால் அளவும் மாறிப் போகும்.

வேலை முடிந்ததும் போட்டோ கேட்போம், நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டுமே. வாய்க்காலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், விதை வாங்கிய ரசீதை அனுப்பச் சொல்லுங்கள். விவசாயி கையில் நம் குழுப் பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்து நிற்க வைக்காதீர்கள். அறுவடை முடிந்து ஒரு மாதம் கழித்துப் போன் போட்டு எவ்வளவு கண்டது, அடுத்த போகத்துக்கு என்ன மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். மழை கெடுத்துவிட்டது, ஒன்றும் விளையவில்லை என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே போர்டில் எழுதிவிட்டு, ஆகஸ்டுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்குங்கள்.