மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பற்றரி

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பற்றரி சார்ஜ் போடுவது என் தொழில். போன கிழமை ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன் கூப்பிட்டான். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் ட்ரெய்லர் வீடு வாங்கியிருக்கிறான். "மாமா, பனிக்காலம் முழுக்க அது சும்மாதான் நிற்கும். பற்றரி செத்துப்போகுமா?"

பிள்ளைகளிடம் வெளிநாடு போய் மூன்று மாதம் நின்றுவிட்டு வருகிற வெள்ளவத்தைக்காரர்கள் தங்கள் காருக்குக் கேட்பதும் இதைத்தான்.

முதல் வேலை, முழுதாகச் சார்ஜ் ஏற்றுவது. அரைகுறைச் சார்ஜில் நின்றால் ஈயத் தட்டுகளில் சல்பேற்று படிந்து இறுகிவிடும். அண்மையில் ஒரு ஐயா கொண்டுவந்த பற்றரியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். தட்டுகளின் மேல்விளிம்பு தண்ணிக்கு வெளியே, உப்புப் பூத்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. இரண்டு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு மனசு கேட்கவே இல்லை.

அடுத்தது, வயரைக் கழற்றுங்கள். நெகட்டிவ்வை முதலில் கழற்றி, பூட்டும்போது கடைசியில் பூட்ட வேண்டும். காரில் கடிகாரமும் அலாரமும், ட்ரெய்லரில் காஸ் கசிவு அலாரமும் இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மாதம் ஒருமுறை மீற்றர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற் என்றால் நல்லது. 12.4க்கு இறங்கினால் திரும்பச் சார்ஜ் போடுங்கள். கொழும்புச் சூட்டில் சார்ஜ் வேகமாக இறங்கும், குளிரில் மெதுவாகத்தான். ஆனால் குளிருக்கு வேறொரு ஆபத்து உண்டு. முழுச் சார்ஜில் இருப்பது மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும். வெறுமையானது மைனஸ் 10க்குள்ளேயே உறைந்து பெட்டி பிளந்துவிடும். உறைந்த பற்றரிக்கு ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் என்றால், பூச்சியத்துக்குக் கீழே சார்ஜே வேண்டாம்.

மூடி திறக்கிற வகைக்கு பற்றரித் தண்ணி, அதாவது காய்ச்சி வடித்த தண்ணி மட்டும்தான். குழாய்த் தண்ணியும் கூடாது, அசிட்டும் கூடாது. தட்டு வெளியே தெரிந்தால் அது மூடும் அளவுக்கு ஊற்றி, சார்ஜ் ஏறியபிறகு மிச்சத்தை நிரப்புங்கள். முதலே நிரப்பினால் பொங்கி வழியும்.

முனையில் பச்சையாகப் பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த தண்ணியில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, துடைத்து, வாஸ்லின் பூசுங்கள்.

சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று இன்னமும் சொல்கிறார்கள். இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை. காற்றோட்டமான இடமாக இருந்தால் சரி. சார்ஜ் ஏறும்போது வரும் வாயு நெருப்புப் பட்டால் வெடிக்கும்.