கண்காட்சியில் வாங்கிய நீர்வண்ண ஓவியம் கெடாமல் இருக்க

ஜார்ஜ்டவுன் விழாக் காலத்தில் பினாங்குக் கண்காட்சிகளில் நீர்வண்ண ஓவியம் வாங்குகிறீர்களா? சட்டம் போடும்போதே கவனியுங்கள். தாள் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஏர்கோனைப் போட்டுப் போட்டு அணைக்கும் அறையில், நம் ஊர் ஈரக்காற்றுக்குக் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். வண்ணம் அதில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது தாளின் தோலும் சேர்ந்து உரிந்து வரும். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விட, ஓவியத்தைச் சுற்றி 2 மில்லிமீட்டர் கனத்தில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தாளை அட்டையில் ஒட்டச் செலோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சள் கறை படியும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரியும் தாள் நெளியும். மேல் விளிம்பில் இரண்டு இடம் போதும். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடட்டும். குளியலறையை ஒட்டிய சுவர் ஆகாது, பூசணம் பிடித்துவிடும்.